புறவாசலில் மரத்தளம் போடப் போகிறீர்களா? கணக்கு இப்படித்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "அண்ணாச்சி, புறவாசல்ல ஒரு டெக் போடணும், சதுர அடிக்கு என்ன ரேட்டு?" இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய போட்டோவை போனில் காட்டிக் கேட்கிறீர்கள். ஒரு ரேட்டைச் சொல்லி முன்பணம் வாங்குவது எங்களுக்கும் சுலபம்தான். ஆனால் அந்த ரேட்டு பாதி வேலையில் ஏறும், அப்புறம் இரண்டு பக்கமும் மனத்தாங்கல். அதனால்தான் கணக்கை விரித்து எழுதுகிறோம்.

முதலில் மண். பலகைக்கு ஆகும் பணம் எல்லோருக்கும் தெரிகிறது. தளத்தைத் தாங்கும் கால்களுக்கு ஆவதை யாரும் சேர்ப்பதில்லை. சங்கரன்கோவில் பக்கம் கரிசல். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மண்ணில் அந்தத் தொந்தரவு இல்லை. சில வருடங்களுக்கு முன் கரிசல் ஊர் ஒன்றில், செம்மண்ணுக்குத் தோண்டுகிற மாதிரியே ஒன்றரை அடி தோண்டிக் கால் நட்டுவிட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து மாசியில் போய்ப் பார்த்தால் ஒரு மூலை இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நடுவில் வைத்தார்கள். அது தானாக உருண்டு அந்த மூலையில் போய் நின்றது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறு எங்களுடையது. பலகையைக் கழற்றி, குழியை மூன்றரை அடிக்கு இறக்கி, சரளையும் கிரஷர் மணலும் கொட்டித் திமிசு போட்டு, எங்கள் செலவில் திரும்பக் கட்டிக் கொடுத்தோம். அதிலிருந்து குழி தோண்டிப் பார்க்காமல் நாங்கள் விலை சொல்வதில்லை. யார் சொன்னாலும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மரக்காலை நேராக மண்ணில் நடவே கூடாது, கரையானுக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும். வேலிக்கு நடுகிற கருங்கல் தூணையே குட்டையாக வாங்கி நட்டு, அதன் மேல் உத்திரத்தை உட்கார வைப்பது நம் ஊருக்குத் தோதான வழி. தரைக்கும் மரத்துக்கும் ஒரு அடியாவது இடைவெளி இருக்கட்டும். விளக்குமாறு போய் வர வேண்டும், காற்று ஓட வேண்டும், பாம்பு ஒதுங்கினால் கண்ணில் பட வேண்டும்.

இனி மரம். பத்துக்குப் பன்னிரண்டு அடி தளத்தை எடுத்துக்கொள்வோம். நாலைந்து நாற்காலி போட்டு உட்கார அது தாராளம். மரம் கன அடியில்தான் விலை. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், 12 அடி நீளத்தில் பலகை 28 வேண்டும், இடையில் கால் அங்குலச் சந்து விட்டு. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் பத்து கன அடிக்குக் கொஞ்சம் மேலே. அடியில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 4-க்கு 2 சட்டம் பத்து, ஓரச் சட்டம் இரண்டு; இது ஏழு கன அடி. அதற்கும் கீழே 4-க்கு 3 உத்திரம் மூன்று; இது மூன்று கன அடி. ஆக, மேலே தெரிகிற மரம் பத்து என்றால், கீழே தெரியாத மரமும் பத்து. பலகையை மட்டும் வைத்து யாராவது விலை சொன்னால், பாதி மரத்தைச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் என்று வாங்கும் பலகை இழைத்த பின் ஒரு அங்குலம் இருக்காது. நாங்கள் கன அடி போடுவது அறுத்த அளவுக்கு. இழைப்புக் கூலி தனியா, சேர்த்தா என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

எந்த மரம்? வெயிலிலும் மழையிலும் கிடக்க வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கை. வெள்ளைப் பகுதி ஓடிய தேக்கு, பெயருக்குத்தான் தேக்கு. வேங்கை புதிதில் நனைந்தால் சாயம் கக்கும். பக்கத்தில் வெள்ளை டைல்ஸ் இருந்தால் முதல் மழைக்கு முன் ஏதாவது விரித்து மூடி வையுங்கள். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கிறீர்கள். வீட்டுக்குள் மேசை செய்யலாம், வெளியே வேண்டாம். இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். அது காய்ந்து முடிந்த மரம், இனி அதிகம் நெளியாது. ஆனால் ஆணி பிடுங்கும் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி போதும், ரம்பப் பல் போய்விடும். பனஞ்சட்டம் கேட்பவர்களும் உண்டு. 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால், பழைய வீட்டில் எடுத்ததைத்தான் நாங்கள் வாங்குகிறோம். அதையும் கூரை இருக்கிற இடத்துக்கே கொடுப்போம்.

டபிள்யூபிசி பலகைக்கு, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகைக்கு, பராமரிப்பு குறைவு, அது உண்மை. மேற்கு பார்த்த புறவாசலில் சித்திரை மாதம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பட்டறை வாசலில் ஒரு துண்டு வெயிலிலேயே கிடக்கிறது.

ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்காதீர்கள். 28 பலகை, பத்து சட்டம், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு: 560 ஸ்க்ரூ. சாதா இரும்பு போட்டால் ஒரே மழையில் தேக்கின் மேல் கறுப்புக் கண்ணீர் ஒழுகியதுபோல் கறை இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் போதும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர வீடுகளுக்கு 316 கேளுங்கள், உப்புக் காற்றை அது தாங்கும்.

கையில் இருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு மீதிக்குத் திட்டம் போடுங்கள். குழியில் பாறை தட்டுப்படும், பழைய தண்ணீர்க் குழாய் குறுக்கே வரும். ஒன்றுமே வராவிட்டால் அந்தப் பணம் அடுத்த வருட எண்ணெய்க்கு ஆகும். வருடம் ஒரு தடவை மேலே எண்ணெய் பூசியே ஆக வேண்டும். அடிச் சட்டத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் கரையானுக்கு நல்லது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கால் படும் பலகையில் பூசக் கூடாது. பணம் இழுத்துப் பிடித்தால் அளவைக் குறையுங்கள், மரத்தின் தரத்தைக் குறைக்க வேண்டாம். எட்டுக்குப் பத்து இப்போது போட்டுவிட்டு, ஓரச் சட்டத்தில் பின்னால் சேர்க்க வழி விட்டு வைக்கலாம்.

காலம் என்று பார்த்தால் தை, மாசி. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் மரம் காயாது, இங்கே ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் நிற்கும். வாங்கிய மரத்தை உங்கள் வீட்டு நிழலிலேயே இரண்டு வாரம் அடுக்கிப் போட்டு வைத்தால் பின்னால் நெளிவது குறையும்.

வரும்போது புறவாசலின் நீள அகலத்தை ஒரு தாளில் குறித்து, மேற்கு எந்தப் பக்கம், கிணறோ செப்டிக் டேங்கோ எங்கே இருக்கிறது என்றும் எழுதி எடுத்து வாருங்கள். குழி பார்க்க நாங்களே வருகிறோம், அதற்குக் காசு இல்லை. தை மாத வேலைக்குக் கார்த்திகைக்குள் சொல்லிவிட்டால் மரத்தை முன்கூட்டியே அறுத்துக் காயப் போட்டுவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் மரக்கடையும் தச்சுப் பட்டறையும்,
பாளையங்கோட்டை