பதினொன்றாம் வகுப்புப் பொருளியல்: வீட்டு விலைக் குறிப்பேடு

புது தில்லி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொருளியல் எடுத்திருக்கும் உங்கள் பிள்ளைகள் இந்த மாதம் முதல் வீட்டு மளிகை விலைகளைக் குறித்து வைக்கப் போகிறார்கள். இந்தக் குறிப்பேடு அவர்களுடைய புராஜெக்ட்டுக்காக. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் புராஜெக்ட்டுக்கு 20 மதிப்பெண். அதில் 8 வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு. கடையில் செய்து வாங்கிய புராஜெக்ட்டை வைத்துக்கொண்டு வைவாவில் பதில் சொல்ல முடியாது.

பத்துப் பொருள் போதும். மாதா மாதம் அதே கடை, அதே ரகம். ஒரு மாதம் சஃபல் காய்கறிக் கடையில் வாங்கிய தக்காளியையும் அடுத்த மாதம் வாரச் சந்தையில் வாங்கியதையும் ஒப்பிட்டால் தெரிவது கடை வித்தியாசம்தான், விலைவாசி அல்ல. எண்ணெய்ப் பாக்கெட்டில் அச்சிட்ட அளவைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். விலை மாறாமல் அளவு மட்டும் குறைந்திருந்தால் அதுவும் விலையேற்றம்தான்.

கணக்கு எங்கே பிசகும் என்று காட்ட ஓர் உதாரணம். அரிசி 10 கிலோ, கிலோ விலை 60 ரூபாயிலிருந்து 66. துவரம் பருப்பு 2 கிலோ, 150-லிருந்து 180. எண்ணெய் 3 லிட்டர், 140-லிருந்து 133. முதல் மாதச் செலவு 1,320 ரூபாய். அதே அளவுகளுக்கு இப்போது 1,419. முதல் மாதச் செலவை 100 என்று வைத்தால் இப்போதைய செலவு 107.5. இதுதான் குறியீட்டெண். பல பிள்ளைகள் ஒவ்வொரு பொருளின் பழைய விலையையும் 100 என்று வைத்து, புது விலைகளுக்கு வரும் 110, 120, 95 என்ற மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 108.3 என்று எழுதுவார்கள். 2 கிலோ பருப்புக்கும் 10 கிலோ அரிசிக்கும் சம மதிப்புக் கொடுத்ததால் வந்த பிழை அது. முதல் மாத அளவை இடையில் மாற்றினாலும் கணக்கு கெடும். இங்கே போட்ட கணக்கு லாஸ்பியர் முறை. அதற்கு முதல் மாத அளவுதான் ஆதாரம்.

தேவைக்கோட்டுப் பாடத்துக்கும் இதே குறிப்பேடு உதவும். எந்த விலையில் எவ்வளவு வாங்குவோம் என்று காட்டும் கோடுதான் தேவைக்கோடு. காபித்தூள் விலை ஏறி, வீட்டில் டீக்கு மாறினால், காபியின் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் புள்ளிதான் நகரும். டீயின் கோடு முழுவதுமாக வலப்பக்கம் நகரும். தேர்வில் இரண்டுக்கும் புதுக்கோடு போட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். படத்தில் விலை செங்குத்து அச்சில் வர வேண்டும். அச்சுகளுக்குப் பெயரும் எழுத வேண்டும்.

வீட்டு வருமானத்தை எங்கும் எழுத வேண்டாம். பில் தராத கடையென்றால் வாங்கிய அன்றே விலையைச் சொல்லி எழுத வையுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதும் விலை பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். கணக்கைப் பிள்ளையே போடட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். பிழையோடு வந்தால்தான் எங்கே புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்