செவத்துல மாட்டுறதுக்கு இல்ல பாப்பா

பாப்பா,

பார்சல் நேத்தே போட்டாச்சு, வியாழக்கிழமைக்குள்ள வந்துரும்னு சொல்றாங்க. பொட்டிய பிரிக்கும்போது கைய உள்ள விட்டு துழாவாத, ஹூக் எல்லாத்துக்கும் ரப்பர் மூடி மாட்டியிருக்கேன் ஆனாலும் வழியில போட்டு உருட்டுற உருட்டுக்கு ஒண்ணு ரெண்டு கழண்டிருக்கும். மீன் பிடிக்க நான் மரத்துல கடைஞ்ச பொய் இரை, அதான் ப்ளக், அஞ்சு இருக்கு. அடியில அம்மா வச்ச முறுக்கு. அதுல லின்சீடு எண்ணெய், அதான் ஆளிவிதை எண்ணெய், வாசம் அடிச்சா என்னைய திட்டாத, ரெண்டு பார்சலுக்கு எதுக்கு காசுன்னு ஒரே பொட்டியில திணிச்சது அவதான்.

நீ போன்ல சொன்னது மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. புது வீட்டு ஹால்ல பலகை அடிச்சு வரிசையா மாட்டப் போறேன், ரூம்மேட் போட்டோ பாத்துட்டு ஆர்ட் பீஸ் மாதிரி இருக்குன்னு சொன்னான்னு. கேக்க சந்தோசமாதான் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா மாட்டாத. ப்ளக் நல்லா வந்திருக்கா இல்லையான்னு தண்ணியில இழுத்தாதான் தெரியும், செவத்துல தொங்குறப்ப எல்லாக் கட்டையும் ஒண்ணுதான். அங்க கடல் உன் வீட்டுல இருந்து பஸ்ஸுல போற தூரம், ராடு ரீல் எல்லாம் இங்க இருந்து கொண்டு போயிருக்க, அப்புறம் என்ன.

அங்க எல்லாம் ஸ்ட்ரைப்பர், அதான் உடம்புல கோடு போட்ட ஸ்ட்ரைப்டு பாஸ் மீன், கிடைக்குமாப்பான்னு கேட்ட இல்ல, அதுக்கு ஒரு கதை இருக்கு. பசிபிக் பக்கம் முன்ன இந்த மீனே கிடையாது. 1879ல நம்ம நியூஜெர்சியில, ரெட் பேங்க் ஓரமா ஓடுதே நேவசிங்க் ஆறு, அதுல இருந்து குட்டி மீனா பிடிச்சு ரயில்ல ஏத்தி, வழி நெடுக தண்ணி மாத்தி மாத்தி, நாட்டோட அந்தக் கோடிக்கு கொண்டு போனாங்க. பொழச்சது சுமார் 130 மீன், அத கலிபோர்னியாவுல மார்டினஸ் ஊர் பக்கத்துல விட்டாங்க. 1882ல இன்னொரு லோடு, ஒரு 300. அவ்வளவுதான் வெதை. பத்து வருஷத்துல சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட்ல கூடையில வச்சு விக்கிற அளவுக்கு பெருகிருச்சு. அதனால நீ அங்க பிடிக்கப்போற மீன் எல்லாம் நம்ம ஊர்க்காரன்தான், நீ போறதுக்கு நூத்தி நாப்பது வருஷம் முன்னாடியே ரயில் ஏறிப் போனவன்.

எப்படி செஞ்சேன்னு சொல்லுறேன், தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி வீசுவ.

மரம் ரெண்டு வகை. தண்ணி மேல தலைய அறையுற பென்சில் பாப்பரும், வாயில தகடு வச்ச மெட்டல் லிப்பும் அலாஸ்கா எல்லோ சீடர். வெட்டும்போது ஒரு காரமான வாசம் வரும், கராஜுக்குள்ள மூணு நாள் நிக்கும். லேசான மரம், இழை நெருக்கமா இருக்கும், உளி வச்சா வெண்ணெயா சீவும். குச்சி மாதிரி இருக்குற நீடில்ஃபிஷ் மட்டும் மேப்பிள், அது கனம் வேணும். மேப்பிள் கடையுறது கொஞ்சம் வம்பு, உளி மழுங்கிருச்சுன்னா மரம் கருகும்.

அம்பாசமுத்திரத்துல ஆச்சி வீட்டுக்கு போகும்போது கடைசல் பட்டறை வாசல்ல உன்னைய தூக்கி வச்சுட்டு நிப்பேன், உனக்கு ஞாபகம் இருக்காது. சொப்பு சாமான் கடைவாங்க, சுத்துற மரத்துல கலர் அரக்கு குச்சிய வச்சு அழுத்தினா அந்த சூட்டுலயே உருகி ஒட்டிக்கும், தனியா பெயிண்டும் வேணாம் பிரஷும் வேணாம். நான் இங்க கராஜ்ல லேத் ஓட்டும்போது கை வைக்கிற விதம் எல்லாம் அங்க பாத்ததுதான், யூட்யூப்ல வெள்ளைக்காரன் சொல்லித்தர்றதுக்கு முன்னாடியே. ஆனா அரக்கு கடலுக்கு ஆகாது, பாறையில ஒரு அடி பட்டா செதில் செதிலா பேந்துரும்.

கடையுறதுக்கு முன்னாடியே துளை போட்டுரணும், அதுதான் இதுல முக்கியமான சூட்சுமம். கட்டை சதுரமா இருக்கும்போதே ரெண்டு முனையில இருந்தும் நீள பிட்டு வச்சு துளைச்சு நடுவுல சந்திக்க விடணும். ஒரே பக்கத்துல இருந்து போட்டா பிட்டு மர இழையோட போக்குல வளைஞ்சு போய் விலாவுல எட்டிப் பாக்கும். துளை விழுந்த அப்புறம் அந்தத் துளையவே சென்டரா வச்சு லேத்துல மாட்டி கடைஞ்சா துளை தானா நட்டநடுவுல வந்துரும். முதல்ல அழகா கடைஞ்சுட்டு அப்புறம் துளை போடலாம்னு நினைக்கிறவன் ப்ளக் தண்ணியில ஒரு பக்கமா சாய்ஞ்சுக்கிட்டுதான் நீந்தும்.

அந்தத் துளைக்குள்ள ஸ்டெயின்லெஸ் கம்பி ஒரே துண்டா வால்ல இருந்து மூக்கு வரைக்கும் போகுது. வயித்துல ஒரு குழி பாத்திருப்ப, அதுக்குள்ள ஒரு ஸ்விவல், அதான் சுழலுற வளையம், போட்டு கம்பிய அதோட கண்ணு வழியா விட்டு இழுத்திருக்கேன், நடு ஹூக் அதுலதான் தொங்குது. கடையில வர்ற சில ப்ளக்ல ஹூக்க ஸ்க்ரூ வச்சு முறுக்கியிருப்பாங்க, பெரிய மீன் தலைய ஒரு உலுக்கு உலுக்கினா ஸ்க்ரூவோட புடுங்கிட்டு போயிரும். கம்பி போட்டா கட்டை ரெண்டா பொளந்தாலும் மீன் கம்பியில நிக்கும். மூக்குல கம்பி சுத்தியிருக்கேன் பாரு, அந்த சுத்துக்கு இடையில ஊசி போக இடம் இருக்கக் கூடாது. அத மட்டும் வேணா ரூம்மேட்டுக்கு காட்டு, பெயிண்ட்டக் காட்டாத.

மரத்துக்குள்ள தண்ணி ஏறினா ஊதி பெயிண்ட் வெடிச்சுரும், அதுக்குதான் லின்சீடு. எண்ணெயும் பெயிண்ட் கரைக்கிற மினரல் ஸ்பிரிட்டும் பாதிக்குப் பாதி கலந்து ராத்திரி முழுக்க ஊற வச்சு, எடுத்து தொங்கவிட்டு வாரக்கணக்குல காய விடணும், அவசரப்பட்டா மேல அடிக்கிற ப்ரைமர் ஒட்டவே ஒட்டாது. துடைச்ச துணிய சுருட்டி குப்பையில போட்டா தானாவே சூடாகி தீப்பிடிக்கும், சும்மா பயமுறுத்தல நிஜமாவே பிடிக்கும். அதனால வேலி மேல விரிச்சு காயப் போடுறேன், அம்மாவுக்கு அதுல வருத்தம், அக்கம்பக்கத்துக்காரங்க நம்ம வீட்டு துணி எல்லாம் இந்த லட்சணம்னு நினைப்பாங்களாம்.

அவளுக்கு இன்னொரு வருத்தம் உப்பு. ப்ளக் எப்படி மிதக்குதுன்னு பாக்க குழாத்தண்ணி ஆகாது, கடல் தண்ணி கனம் ஜாஸ்தி, ஒரு லிட்டருக்கு 35 கிராம் கிட்ட உப்பு. குழாத்தண்ணியில மெல்ல முங்குற நீடில் கடல்ல போய் மேலயே மிதந்துட்டு கிடக்கும். அதனால பெரிய பெயிண்ட் வாளியில அளந்து உப்பு போட்டு அதுலதான் பாக்குறேன். வயித்துக் குழியில ஈயத்த கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், மெட்டல் லிப் முதுகு லேசா வெளிய தெரியிற மாதிரி படுத்து மிதக்கணும், பென்சில் வால் கீழ முங்கி மூக்கு மேல நிக்கணும், நீடில் தலையும் வாலும் ஒரே மட்டத்துல இறங்கணும். கடைசல விட எனக்குப் பிடிச்சது இந்த வாளிப் பக்கம் குந்தியிருக்குற வேலைதான். ஒரு அரிசி எடை ஈயம் முன்னாடி போச்சுன்னா படுக்குற விதமே மாறிடும்.

பெயிண்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. வெங்காயம் வர்ற வலைப்பைய இழுத்துக் கட்டி அது மேல ஏர்பிரஷ் அடிச்சா செதில் மாதிரி விழும், அவ்வளவுதான் ரகசியம். மேல எப்பாக்ஸி, காயுற வரைக்கும் ஒரு மோட்டார்ல மெதுவா சுத்த விடணும் இல்லன்னா வயித்துப் பக்கம் சொட்டு சொட்டா நிக்கும். கருப்பா ஒண்ணு இருக்கே அது ராத்திரிக்கு, இருட்டுல கீழ இருந்து பாக்குற மீனுக்கு கருப்புதான் வானத்துல பளிச்சுன்னு தெரியும். மத்த கலர் எல்லாம் பாதி மீனுக்கு, மீதி வாங்குறவனுக்கு.

மரத்துலதான் மீன் கடிக்கும்னு யாராவது சொன்னா நம்பாத. 1982ல அட்லாண்டிக் சிட்டியில கடலுக்குள்ள நீட்டுற கல் தடுப்பு மேல நின்னு அல் மெக்ரேனால்ட்ஸ் பிடிச்ச 78 பவுண்டு 8 அவுன்ஸ் மீன், ரொம்ப வருஷம் உலக ரெக்கார்டா இருந்துச்சே, அது ரெபல் கம்பெனியோட அஞ்சரை இஞ்ச் ப்ளாஸ்டிக் ப்ளக்ல வந்தது. நான் மரத்துல செய்யுறதுக்கு காரணம் வேற, நான் நிக்கிற கரைக்கு, அங்க அடிக்கிற காத்துக்கு, அந்த மாசம் ஓடுற சின்ன மீனுக்கு ஏத்த மாதிரி என்னால மாத்திக்க முடியும். கேப் காட் கெனால் பக்கத்துல சகமோர்ல ஸ்டான் கிப்ஸ் 1940கள்ல இருந்து இதத்தான் செஞ்சாரு, கெனால்ல தண்ணி ஓடுற வேகத்துக்கு என்ன ஓடும்னு அங்கயே எறிஞ்சு பாத்து திருத்தினாரு. இப்ப அவர் கையால கடைஞ்ச பழைய ப்ளக்க நூத்துக்கணக்குல டாலர் குடுத்து வாங்கி கண்ணாடிப் பொட்டிக்குள்ள வைக்கிறாங்க, பல்லு படாத பீஸா இருந்தா விலை இன்னும் ஜாஸ்தியாம். எனக்கு அது தலைகீழா தெரியுது, பல்லுத் தடம் இல்லாத ப்ளக்குக்கு நான் அஞ்சு பைசா குடுக்க மாட்டேன்.

இப்ப வீசுற விஷயம். ரெண்டு பென்சில் பாப்பர பசிபிகா ஊர் பீச் பக்கம் கொண்டு போ, கோடையில நெத்திலிக் கூட்டம் கரை ஓரமா ஒதுங்கும், மேல பறவை விழுந்து விழுந்து எந்திரிச்சா அங்கதான் ஸ்ட்ரைப்பர். ஏழு இஞ்ச், ரெண்டரை அவுன்ஸ், ஈயம் வால்ல இருக்குறதால காத்துல உருளாம அம்பா போகும். ராடு அடிய ரெண்டு தொடைக்கு நடுவுல இடுக்கிட்டு ராட மேல் கையால விடாம உலுக்கிட்டே மெதுவா சுத்து, ப்ளக் தண்ணி மேல இடமும் வலமுமா தலைய அறையும். பாக்குறவன் சிரிப்பான், கண்டுக்காத.

மெட்டல் லிப் ரெண்டையும் வேகமா சுத்தாத. மெதுவா, இன்னும் மெதுவா, ராடு நுனியில துடிக்கிறது தெரிஞ்சா போதும். நான் இங்க சாண்டி ஹூக் பீச்சுல இழுத்துப் பாத்துதான் அனுப்புறேன் ஆனா பார்சல்ல மூக்கு லேசா வளைஞ்சிருக்கலாம், இழுக்கும்போது ப்ளக் இடப்பக்கமா ஓடிச்சுன்னா மூக்குல லைன் கட்டுற கம்பிக் கண்ண வலப்பக்கம் குறடால ஒரு மயிரிழை வளை, வலப்பக்கம் ஓடினா இடப்பக்கம். ஒரு மயிரிழைன்னா ஒரு மயிரிழைதான், உன் கை பலத்தக் காட்டாத.

நீடில பாத்தா வெறும் குச்சிதானேன்னு தோணும். ஆட்டமே கிடையாது. ஆனா 1980கள்ல ப்ளாக் ஐலண்ட்ல 50, 60 பவுண்டு மீனா ராத்திரி ராத்திரி ஏத்தினது இந்தக் குச்சிதான், அங்க சேண்ட் ஈல்னு ஒல்லியா ஒரு மீன் மண்டிக் கிடந்துச்சு, அதுக்கு இது அச்சு. எறிஞ்சுட்டு ஒண்ணுமே பண்ணாம மெதுவா சுத்திட்டு வா. உனக்குப் பொறுமை வராது, தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஹூக் முள்ளு எல்லாத்தையும் குறடு வச்சு நசுக்கிட்டேன். மீனுக்கும் நல்லது, உன் விரலுக்கும் நல்லது. பெருசா வந்தா விட்டுரு பாப்பா. பெரிய ஸ்ட்ரைப்பர் அநேகமா எல்லாமே பொட்டை, வயித்துல லட்சக்கணக்குல முட்டை. இந்தப் பக்கம் ஒரு தடவ பிடிச்சு பிடிச்சே தீத்து 1985ல மேரிலேண்ட்ல பிடிக்கவே கூடாதுன்னு தடை போட்டாங்க, மீண்டு வந்துருச்சுன்னு அறிவிக்க 1995 ஆச்சு, இப்ப மறுபடி குறைஞ்சு போச்சு, அதனால நாங்க இங்க ஒரு ஆளு ஒரு மீன்தான், அதுவும் 28ல இருந்து 31 இஞ்சுக்குள்ள இருந்தாதான். அங்க அளவு வேற, போறதுக்கு முன்னாடி அரசாங்க சைட்ல பாத்துக்கோ.

லைசென்ஸ் எடுத்துரு. நியூஜெர்சியில கடல்ல பிடிக்க சும்மா பேர் பதிஞ்சா போதும், ஓசி. அங்க அப்படி இல்ல, கடலுக்குள்ள நீட்டிக் கட்டின பொதுப் பாலத்துல நின்னா வேணாம், பீச்சுல கால் வச்சு எறிஞ்சா வேணும். வாங்குன தேதியில இருந்து ஒரு வருஷம் ஓடும், அதனால ஜனவரிக்கு காத்துட்டு இருக்காத.

ஓஷன் பீச்சுல முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்காத. அந்தக் கரையில இழுப்பு பொல்லாதது, அமைதியா இருக்குற மாதிரி இருந்து திடீர்னு ஒரு அலை மட்டும் பெருசா ஏறி வரும், ஆள அடிச்சு இழுத்துட்டு போயிருக்கு. முதுகக் கடலுக்கு காட்டி நின்னு செல்ஃபி எடுக்குற வேலை எல்லாம் வேணாம். தனியா போகாத, அந்த ஆர்ட் ரசிகன வேணா கூட்டிட்டுப் போ, பை தூக்கவாவது ஆகும். ப்ளக் பாறையில மாட்டிக்கிச்சுன்னா எடுக்கப் போகாத, லைன அறுத்து விட்டுரு. அப்பா செஞ்சது ஆச்சேன்னு ஈரப் பாறையில ஏறுனன்னு கேள்விப்பட்டேன் அப்புறம் ஒண்ணு கூட அனுப்ப மாட்டேன்.

எது போச்சு, எங்க போச்சு, என்ன காத்துன்னு மட்டும் வாட்சப்ல போடு. லேத் பக்கத்துல ஒரு மேப்பிள் கட்டை துளை போட்டு ரெடியா கிடக்கு, அத நீடிலா கடையவா இல்ல வேற எதுவுமான்னு நீ சொன்னப்புறம் பாத்துக்கலாம்.

அப்பா