டேங்க் மூடியை யாருமே சொல்லவில்லையே: பெங்களூர் பழைய டிராக்டர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆனேக்கல் கொட்டகையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிறே இதைப் பேச நினைத்தேன். எல்லோரும் அந்தப் பிரேக் டிரம்மைச் சுற்றி நின்றீர்கள், பேச்சை எடுக்க இடம் கிடைக்கவில்லை. ஓசூர், ஹொசகோட்டை, தேவனஹள்ளிப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிற மற்றத் தமிழ் ஆட்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதிவிட்டேன்.

என் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பா வாங்கிய வண்டி. ஆயுத பூஜைக்கு முன்னால் துருவெல்லாம் தேய்த்து, முழுசாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தோம். அடுத்த வாரம் உழவுக்கு இறக்கினால் இருபது, இருபத்தைந்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திணறித் திணறி நின்றுவிடுகிறது, பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி இருபது நிமிஷம். கூட்டத்தில் கேட்டேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற ஃபீட் பம்பில் டயாபிரம் கிழிந்திருக்கும் என்றார் ஒருவர். ஃபில்டரை மாற்று என்றார் இன்னொருவர், மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. சூடு ஏறினதும், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பெரிய பம்ப் பிரஷர் விடுகிறது, கழற்றிக் கொடுத்துவிடு என்று மூன்று பேர் அடித்துச் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே குரலில் சொன்னால் நம்பத்தானே தோன்றும்? கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 14,000 ரூபாய், பதினோரு நாள். திரும்ப மாட்டி, டீசல் லைனில் நின்ற ஏரை எடுத்து, வயலில் இறக்கினேன். இருபத்திரண்டாவது நிமிஷம் அதே திணறல்.

அப்புறம்தான் டீசல் பம்பும் நாசிலும் செய்த மைக்கோ கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன நம்ம ஐயாவுக்குப் போன் பண்ணினேன். அவர் பதிலே சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். "டக்கென்று நிற்கிறதா, மூச்சு வாங்கி நிற்கிறதா? நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாயா?" மறுநாள் வண்டி நின்றதும் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. ஸ்டார்ட் பண்ணினால் ஓடுகிறது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்குமே, அதைப் பெயின்ட் அடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போகாமல் டேங்க் டீசலைப் பிடித்து இழுக்கிறது, லைனுக்கு வருவது குறைகிறது, வண்டி நிற்கிறது. பத்து நிமிஷத்தில் எங்கேயோ கசிந்து காற்று உள்ளே போனதும் மறுபடி ஓடுகிறது. ஒரு குண்டூசியால் குத்தி எடுத்தேன், வேலை முடிந்தது.

இதுவரைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. யாருக்கும் தவறு வரும். வருத்தம் அடுத்த மாதம் வந்தது. கொட்டகையில் இதைச் சொன்னேன், நம்ம அண்ணன் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "அட, எனக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால இதே கதைதாம்பா, பெயின்ட் அடிச்சதும்தான் வந்துச்சு" என்றார். இரண்டு வருஷம்! அவரும் இதே கூட்டத்தில்தான் கேட்டார், இதே பதில்களைத்தான் வாங்கினார், வீட்டுக்குப் போய்த் தானே கண்டுபிடித்துச் சரி பண்ணினார், அதோடு விட்டுவிட்டார். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பம்ப் கழன்றிருக்காது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நான் மதிக்கிற மனிதர். ஆனால் நம்மில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், நானும் சேர்த்து. வண்டி ஓட ஆரம்பித்ததும் கேள்வி மறந்துபோகிறது.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஹொசகோட்டைத் தம்பி ஒருவர் வெள்ளைப் புகை வருகிறது என்றார். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் ஒழுகும், மாற்றிவிடு என்று நான் சொன்னேன். எந்த நேரத்தில் வருகிறது, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டுமா, சூடான பிறகும் வருகிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, ஒன்றையும் கேட்கவில்லை. அவர் மூன்று நாசிலையும் மாற்றினார், புகை போகவில்லை. கடைசியில் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. இது எனக்கு எட்டு மாதம் கழித்து, வேறொருவர் வாயால் தெரிந்தது. ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டால், "அண்ணன் சங்கடப்படுவீங்கன்னுதான்" என்கிறார். அந்த எட்டு மாதத்தில் அதே பதிலை நான் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மரியாதை நல்ல விஷயம்தான். பெரியவர் சொன்னது பலிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வாய் வராது, அப்படி வளர்ந்தோம். ஆனால் இந்த விஷயத்தில் தம்பிகள் எல்லோரும் எனக்குச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்ன யோசனை வேலை செய்யவில்லை என்றால் அன்று சாயங்காலமே போன் பண்ணுங்கள். சங்கடப்பட மாட்டேன், நன்றிதான் சொல்வேன்.

யோசனை சொல்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எந்த வண்டி, எந்த இஞ்சின், எந்தப் பம்ப் என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். மாஸி 35 என்று ஒரே பேரில் சொல்கிறோம், ஆனால் இங்கிலாந்தில் வந்த ஆரம்பகால டீசல் 35-இல் நாலு சிலிண்டர் இஞ்சின், அதற்கு அப்புறம்தான் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். ஒன்றுக்குச் சொல்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. பம்பும் அப்படித்தான். என்னுடையது டிபிஏ ரோட்டரி, அதற்கு உள்ளே ஓடுகிற டீசல்தான் எண்ணெய். பழைய இன்லைன் பம்ப் என்றால் அடியில் தனியாக ஆயில் நிற்கும், அதைப் பார்த்து மாற்ற வேண்டும். ஒருவர் என்னிடம் "பம்புக்கு ஆயில் ஊத்தினியா" என்று கேட்டார். அவர் வண்டிக்கு அது சரியான கேள்வி. இன்னொரு அண்ணன் பாட்டரி வயர் மாறியிருக்கிறது என்று சொல்லி ஒரு பழைய கிரே ஃபெர்குசனில் இரண்டையும் மாற்றி மாட்டச் சொன்னார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் பாடிக்குப் போகும். வயர் சரியாகத்தான் இருந்தது, நல்லவேளை வண்டிக்காரர் மாற்றுவதற்குள் ஐயா பார்த்துவிட்டார்.

ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. போன வருஷம் ஃபில்டர் மாற்றிவிட்டு ஏர் எடுக்கும்போது ஒருவருடைய ஃபீட் பம்ப் கை லீவர் அசையவே இல்லை. பம்ப் போச்சு, ஜே.சி. ரோட்டில் புதுசு வாங்கிவிடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, ஐயா வந்து இஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிடச் சொன்னார். உள்ளே பம்பைத் தள்ளுகிற கேம் மேட்டில் நின்றிருந்தால் லீவர் அடிக்காது, கேம் இறங்கினால் அடிக்கும். அடித்தது. காசு ஒன்றும் இல்லை. காசில்லாத வேலையை முதலில் பார், சாமான் கழற்றுவதைக் கடைசியில் வை என்று அவர் வாயால் சொல்வதில்லை, ஆனால் எப்போதும் அப்படித்தான் செய்கிறார். ஆடுகோடியில் பம்பும் நாசிலும் பார்த்தே வாழ்நாளைக் கழித்த மனிதர். அவர் கை பார்த்ததை எழுதி வைக்காமல் விட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

ஹெச்எம்டி டிராக்டர் வைத்திருக்கிறவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. நம்ம ஊரில் 1953-இல் பிறந்த கம்பெனி, 1971-இல் பிஞ்சூரில் செக் நாட்டு ஸீட்டர் துணையோடு 2511 கட்ட ஆரம்பித்தார்கள், 2016-இல் டிராக்டர் பிரிவை மூடவே அரசு முடிவெடுத்துவிட்டது. இனிமேல் அந்த வண்டிக்கு யார் போய் சர்வீஸ் கேட்பது? சிவாஜி நகர் குஜரிக் கடையில் (பழைய சாமான் கடை) அலைந்து சாமான் எடுக்கலாம், பீன்யாவில் லேத்தில் புஷ் கடைந்து வாங்கலாம். எந்த அளவில் கடைவது, எந்த சீல் பொருந்தும், பொருத்தின பிறகு ஒரு உழவுப் பருவம் தாங்கியதா என்பது நம்மில் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. "தாங்கியதா" என்பதுதான் முக்கியம். மாட்டிய அன்று எல்லா சீலும் ஒழுகாமல்தான் இருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். ஸ்டார்ட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி ஸ்டார்ட் பண்ணு என்று கீழே நிற்கிற ஆளுக்குச் சொல்வதை நிறுத்துங்கள். கியரில் இருந்தால் வண்டி எகிறிப் பின் சக்கரம் அவர் மேலேயே ஏறும். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்கிறோம், நல்ல வழிதான், தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர்தான். ஆனால் அங்கே கையை வைக்காதே என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்த அழுத்தத்தில் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு நீளக் கணக்கு நோட்டு கொண்டு வருகிறேன். கொட்டகைத் தூணில் கயிறு போட்டுத் தொங்கட்டும். கேள்வி கேட்கிறவர் வண்டிப் பேர், இஞ்சின் நம்பர், பம்ப் எது, என்ன ஆகிறது, சமீபத்தில் எதைத் தொட்டோம் என்று எழுதட்டும். பெயின்ட் அடித்ததையும் எழுத வேண்டும், எனக்கு அதைச் சொல்லத் தோன்றவே இல்லை. பதில் சொல்கிறவர் தன் வண்டியில் செய்து பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா என்று சேர்த்துச் சொல்லட்டும், இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் வேறு வேறு மதிப்பு. கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கும். அது முடிவுக்கு. இரண்டு மாதம் காலியாகவே கிடந்தால் யோசனை சொன்னவரே போன் பண்ணிக் கேட்கட்டும். வண்டியை விற்றுவிட்டார் என்றாலும் அதையே எழுதலாம். கன்னடத்தில் எழுதினாலும் தெலுங்கில் எழுதினாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறது.

முதல் பக்கத்தில் என் டேங்க் மூடியை எழுதிவிட்டேன். இரண்டாம் பக்கம் ஹொசகோட்டைத் தம்பியின் வெள்ளைப் புகை, நான் சொன்ன தப்பான பதிலோடு. மூன்றாம் பக்கத்துக்கு ஓசூர் அண்ணனைக் கேட்கிறேன்: போன ஆடி மாதம் உங்கள் பி-275 டிராக்டரில் இஞ்சினை நிறுத்தினதும், பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிஃப்ட் தானாக இறங்குகிறது என்றீர்கள், லிஃப்ட் சிலிண்டர் சீலை மாற்றிப் பாருங்கள் என்று நாங்கள் நாலு பேர் சொன்னோம். மாற்றினீர்களா அண்ணா, இறங்குவது நின்றதா?