மவுஸ் அம்பு எங்களுக்குக் கண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வைக் குறைபாடு உடையவர்கள் கணினியைக் கையாள்வது பற்றிய பேச்சு, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளைத் தாண்டிப் பெரும்பாலும் போவதில்லை. கண் அறவே தெரியாதவர்களுக்கும் நன்றாகத் தெரிபவர்களுக்கும் நடுவில், திரையை உருப்பெருக்கி என்ற மென்பொருளால் பெரிதாக்கி வைத்துக்கொண்டே அன்றாட வேலைகளைச் செய்து முடிக்கிற என்னைப் போன்ற குறைபார்வையாளர்கள் பலர் இருக்கிறோம். உருப்பெருக்கி தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. அதனோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பவை மெனுக்கள்தான்.

திரையை நான்கு மடங்கு பெரிதாக்கினால், நீளம் நாலில் ஒன்றாகவும் உயரம் நாலில் ஒன்றாகவும் குறைந்து, மொத்தத் திரையில் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே ஒரு நேரத்தில் கண்ணுக்குக் கிடைக்கும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை எங்களுக்கு 480-க்கு 270 அளவுள்ள சன்னல். மற்றதைப் பார்க்க வேண்டுமென்றால் மவுஸை நகர்த்த வேண்டும். அம்பு போகும் பக்கமெல்லாம் காட்சியும் கூடவே நகரும். பிறருக்கு மவுஸ் அம்பு சுட்டுவிரல் மாதிரி, தேவைப்படும்போது மட்டும் நீட்டினால் போதும். எங்களுக்கோ அதுவே விரல், அதுவே கண். ஆனால் மெனுக்களை வடிவமைப்பவர்கள், அம்பு ஓரிடத்துக்கு வந்தாலே அங்கிருப்பதை அந்த ஆள் கேட்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை.

நான் தினமும் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருளில் 'ஏற்றுமதி' என்ற வரியின்மீது அம்பை வைத்தால் வலப்புறம் ஒரு துணை மெனு விரியும். அது விரிவது என் சன்னலுக்கு வெளியே. வரியின் ஓரத்தில் உள்ள சிறு முக்கோணக் குறியை வைத்து, ஏதோ திறந்திருக்கிறது என்று ஊகித்து வலப்புறம் நகர்கிறேன். கை இம்மி கீழே இறங்கிவிட்டால் அம்பு அடுத்த வரியான 'அச்சிடு'வைத் தொட்டுவிடும். ஏற்றுமதி மெனு மூடிக்கொண்டு அச்சு மெனு வந்து நிற்கும். வந்து நிற்பது வேறு மெனு என்பதே, அதில் இரண்டு வரிகளைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியவரும். உதவிக்கு அழைத்த சக ஊழியர் ஒரே இழுப்பில் செய்து முடித்துவிட்டு, "இங்கேதானே இருக்கிறது" என்றார். அவருக்கு அது அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சிக்கல் வடிவமைப்பாளர்கள் அறியாததும் அல்ல. அம்பு துணை மெனுவை நோக்கிச் சாய்வாகப் போனால் அதை மூடாமல் வைத்திருக்க, ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிகளில் முக்கோண வடிவில் ஒரு விலக்குப் பகுதியை வெகுகாலத்துக்கு முன்பே அமைத்தார்கள். விண்டோஸில் துணை மெனு விரிவதற்கு இயல்பாக 400 மில்லி விநாடி தாமதம் உண்டு. அதை மாற்றும் இடமோ சாதாரணப் பயனர் கை வைக்கத் தயங்கும் ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புப் பட்டியலுக்குள் இருக்கிறது. முழுத் திரையையும் ஒரே பார்வையில் காண்பவரின் வேகத்துக்குப் போதுமான அந்தத் தாமதம், துண்டு துண்டாகப் பார்க்கிறவருக்கு எப்படிப் போதும்?

திரையின் மூலைகளிலும் இதே கதைதான். சில இயங்குதளங்களில் அம்பு மூலையைத் தொட்டாலே ஏதாவது ஒன்று திறந்துகொள்ளும். மூலையில் மணி என்ன என்று பார்க்கப் போனால், விரித்து வைத்த சன்னல்கள் எல்லாம் சுருங்கி வேறு காட்சி வந்துவிடும். பொத்தானின்மீது அம்பை வைத்தால் தோன்றும் குறிப்புப் பெட்டி, நான்கு மடங்கில் அந்தப் பொத்தானையே மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் கடைசிச் சொல்லைப் படிக்க நகர்ந்தால் பெட்டியே மறைந்துவிடும்.

விசைப்பலகையைப் பயன்படுத்தலாமே என்பார்கள். ஆல்ட் விசையை அழுத்தி, அம்புக்குறி விசைகளால் மெனுவில் இறங்குவது எங்களுக்கு உண்மையிலேயே நல்ல வழி. தேர்வு போகும் இடத்துக்கு உருப்பெருக்கியும் பின்தொடரும். ஆனால் மெனுவைத் தாங்களே வரைந்துகொள்ளும் சில மென்பொருள்கள், எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பதை இயங்குதளத்துக்குத் தெரிவிப்பதில்லை. மெனு ஒரு மூலையில் இறங்கிக்கொண்டிருக்கும், உருப்பெருக்கி இன்னொரு மூலையைக் காட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, மேசை அசைந்து மவுஸ் சற்று நகர்ந்தாலும் காட்சி அம்பு இருக்கும் இடத்துக்குத் தாவிவிடும்.

இணையப் பக்கங்களுக்கு இதற்கொரு நெறி ஏற்கெனவே இருக்கிறது. இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக 2018 ஜூன் மாதம் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு, அம்பு பட்டதும் தோன்றும் எதுவாயினும் அம்பை நகர்த்தாமலே அதை மூட முடிய வேண்டும், அதன்மீது அம்பைக் கொண்டுசென்றாலும் அது மறையக் கூடாது, பயனர் விலகும் வரையிலோ மூடும் வரையிலோ அது நிலைத்திருக்க வேண்டும் என்கிறது. கணினியில் நிறுவும் மென்பொருள்களுக்கும் இதையே எடுத்துக்கொள்வதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. சொடுக்கினால் மட்டும் மெனு திறக்கும்படி ஒரு தெரிவு, மூலைகளை முடக்க ஒரு தெரிவு, தாமதத்தைக் கூட்ட ஒரு தெரிவு ஆகியவற்றை எல்லோருக்கும் தெரியும் அமைப்புப் பக்கத்தில் வைத்தாலே எங்கள் நாளில் பாதித் தொல்லை தீரும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்டோஸ் விசையோடு கூட்டல் விசையை அழுத்தினால் உருப்பெருக்கி வந்துவிடும். அதற்குக் காசு பணம் எதுவும் வேண்டாம். நான்கு மடங்கு ஆகும் வரை அழுத்திவிட்டு, தாங்கள் எழுதிய மெனுவில் 'ஏற்றுமதி' வரை தாங்களே ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். வெளியேற விண்டோஸ் விசையோடு எஸ்கேப்.

இப்படிக்கு,
குறைபார்வையுள்ள வாசகர் ஒருவர்