எங்கள் காம்பவுண்டில் பால் பொங்கியது: கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள மும்பைச் செம்பூர் அக்கம்பக்கத்தாருக்கும், மாட்டுங்கா, தாராவிச் சொந்தங்களுக்கும்,

இந்தத் தைப்பொங்கலை எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டில், மண்பானையில், விறகடுப்பில் வைக்க முடிந்ததென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். அன்றைக்கே ஆளுக்கு ஆள் நன்றி சொன்னேன். ஆனால் அந்தப் புகையிலும் குலவைச் சத்தத்திலும் யாருக்கு எதற்காகச் சொல்கிறேன் என்பது சரியாகக் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பரவாயில்லை, வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டுக் கொடுத்து நானே இந்தியில் சொல்கிறேன்.

இத்தனை வருஷமும் கேஸ் அடுப்பில் சின்ன வெண்கலப் பானை வைத்துப் பொங்கினோம். அதுவும் பொங்கல்தான். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கல் என்றால் வாசல் நிறையக் கோலம், பானையைத் தாங்கும் காவிப்பட்டை போட்ட மண் கட்டிகள், சூரியனைப் பார்த்து இரண்டு பானை, பனையோலை எரியும் வாசம். ஒரு பானையில் உப்புக்கூடப் போடாத வெறும் பச்சரிசிப் பொங்கல், இன்னொன்றில் சர்க்கரைப் பொங்கல். கூட இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல். இதை அப்படியே மும்பையில் செய்து பார்க்க வேண்டுமென்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பொருள் கேட்டுத்தான் உங்கள் ஒவ்வொருவரிடமும் வந்தேன். நீங்கள் பொருளோடு உங்கள் கைப்பழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தீர்கள்.

முதலில் பானை செய்யும் கும்பார்வாடா காகாவுக்கு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் 1930களிலிருந்து தாராவியில் சூளை போடுகிற இடம் அது. அகல், தண்ணீர்ப்பானை, பூந்தொட்டி என்று சந்து முழுக்க அடுக்கியிருந்தது. நான் அழகாக இருக்கிறதே என்று வண்ணம் தீட்டிய ஒரு பானையைக் கையில் எடுத்ததும், "அது பார்க்கத்தான், அடுப்புக்கு ஆகாது" என்று வாங்கி வைத்துவிட்டீர்கள். தண்ணீர்ப்பானை கசிந்தால்தான் தண்ணீர் குளிரும், சமையல் பானை கசியக் கூடாது, மண்ணில் மணல் சேர்த்துப் பிசைந்தால்தான் தீயைத் தாங்கும் என்று விரலால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னீர்கள். நல்ல பானைக்குக் கணீரென்று சத்தம் வந்தது. கீறல் விட்டதற்கு அடங்கிப்போன சத்தம். இப்போது எந்தக் கடையில் பானையைப் பார்த்தாலும் என் கை தானாகத் தட்டுகிறது.

அப்புறம் அந்தப் பொங்கல் கட்டி. போனில் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி மூன்று வேண்டும்" என்றேன். நீங்கள் அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சக்கரத்தை விட்டு எழுந்து, சாம்பல் கலந்த மண்ணைக் கையாலேயே பிடித்து, அடி அகலமும் தலை கொஞ்சம் சாய்வுமாக மூன்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டீர்கள். சூளையில் வைக்காமல் வெயிலில் காயவிட்டால் போதும் என்று சொன்னதும் நீங்கள்தான். எங்கள் ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். பானையை ஊறவைத்து, அரிசிக் கஞ்சி ஊற்றிக் கொதிக்கவிட்டால் அந்தக் கஞ்சி மண்ணின் துளைகளை அடைத்துவிடும் என்றீர்கள். அதே மாதிரி செய்தேன். பானை ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, காகா.

கட்டிக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசியது முதல் மாடி மராத்திப் பாட்டி, எங்கள் ஆஜியின் பேத்தி. பள்ளிக்கூடத்தில் வார்லி என்ற பழங்குடி ஓவியம் போடக் காவி வைத்திருந்தாளாம். எங்கள் ஊர்க் கட்டியில் பட்டை மட்டும்தான் இருக்கும். அவள் நடுவில் குட்டிக் குட்டி மனிதர்களை ஆடவிட்டிருந்தாள். அடுத்த வருஷமும் அவர்கள் ஆட வேண்டும், கண்ணு.

ஆஜி, உங்களுக்கு எதற்கென்று நன்றி சொல்ல? அரிசியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம். நான் கடையில் நல்ல பழைய அரிசி வாங்கி வைத்திருந்தேன். நீங்கள் புனேயை அடுத்த மாவள் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து வந்த புது இந்திராயணி அரிசியைக் கொண்டுவந்து, உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, மூக்கருகில் நீட்டினீர்கள். மாம்பூ வாசம் வீசும் அம்பேமோகர் அரிசியின் வழிவந்தது, அந்த வாசம் கொஞ்சம் இதிலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அறுத்தது. தைக்குப் புது அரிசிதானே வழக்கம்? அதை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மறந்தே போயிருப்பேன். "புது அரிசி தண்ணீர் கம்மியாகத்தான் குடிக்கும், அளவைக் குறை" என்று எச்சரித்ததும் நீங்கள். சோறு குழைந்தும் கூழாகாமல் வந்தது அதனால்தான்.

போகியன்று நீங்கள் அனுப்பிய கறியை எப்படி விட்டுவிட்டேன்! கத்தரிக்காய், கேரட், பச்சைக் கொண்டைக்கடலை, அவரைக் கொட்டை எல்லாம் எள்ளும் வேர்க்கடலையும் அரைத்த மசாலாவில் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு, கூடவே எள் தூவிய கம்பு ரொட்டி, மேலே வெண்ணெய். பனிக்காலத்துக் காய்களையெல்லாம் ஒரே சட்டியில் சேர்க்கும் அந்த யோசனை எங்கள் பொங்கல் குழம்பிலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆஜி.

வெல்லம் தாதர் கடைக்காரர் கொடுத்தது. கோலாப்பூர் வெல்லத்திலேயே இரண்டு தினுசு. பாகு கம்பிபோல் இழுபடுவது எள்ளுருண்டைக்கும் சிக்கிக்கும், பொங்கலுக்கு மற்றது என்று பிரித்துச் சொன்னார். கூட்ட நேரத்தில் நின்று விளக்கிய அந்தப் பொறுமைக்கு நன்றி, சேட்.

மாட்டுங்கா மார்க்கெட் அண்ணாச்சி, உங்கள் கடையில்தான் எனக்கு உயிரே திரும்பி வந்தது. சிறுகிழங்கு இல்லாத பொங்கலை எங்கள் ஊர்க்காரர்கள் பொங்கல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேரளக்காரர்கள் கூர்க்கை என்று வாங்குவதால் இந்த மார்க்கெட்டில் மார்கழியிலிருந்தே வந்துவிடுகிறது. மூட்டையை அவிழ்த்து, சுண்டுவிரல் பருமன் உள்ளதாகப் பொறுக்கி, வெட்டுப்பட்டதைத் தள்ளி, மண்ணோடு நிறுத்துக் கொடுத்தீர்கள். "கழுவி வைத்தால் இரண்டு நாளில் கெட்டுவிடும், மண்ணோடவே இருக்கட்டும்" என்றீர்கள். மஞ்சள் குலையையும் கரும்பையும் எடுத்து வைத்துவிட்டு, நான் பையைத் தூக்கியதும் பின்னாலேயே வந்து ஒரு பழைய சணல் சாக்கைத் தந்தீர்களே, அந்தச் சாக்குதான் பெரிய உதவி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுகிழங்கின் தோலைக் கத்தியால் சீவினால் கிழங்கில் பாதி தோலோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டு வாயை முறுக்கிப் பிடித்து, தரையில் புரட்டிப் புரட்டித் தேய்க்க வேண்டும். கிழங்கும் கிழங்கும் உரசி, சாக்கின் முரட்டு இழையில் மாட்டி, தோல் தானே கழன்றுவிடும். முந்தின நாள் ராத்திரி எங்கள் பால்கனியில் அந்த வேலை நடந்தது. இரண்டாம் மாடி குஜராத்தி அக்கா, எங்கள் பென், உந்தியு என்ற காய்கறிக் கூட்டுக்குச் சுரத்திப் பாப்டி அவரைக்காய் உரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உரிப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் கொட்டி அலசியதும் பழுப்புத் தோல் மிதந்து வர, அடியில் கிழங்கெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அங்கங்கே கண்ணில் ஒட்டிய தோலை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்தோம். விரல் நுனி கறுத்துப்போய்விட்டது. பென், உங்கள் கையும் அப்படித்தான் ஆனது. மறுநாள் பட்டம் விடும்போது அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினீர்கள். உங்கள் உந்தியுவில் ஊதா வள்ளிக்கிழங்கும் வெந்தயக்கீரை முட்டியா உருண்டையும் இருந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் பனங்கிழங்குக் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்த தம்பிக்கும் நன்றி. ஒன்றரை நாள் பயணத்தில் தன் பெட்டியைவிட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதாக உன் அம்மா சொன்னார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்து, நடுக்குருத்தை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் தட்டு காலி.

இனி தீ. வாட்ச்மேன் பையா, நீங்கள் இல்லையென்றால் பானை வெறும் அலங்காரமாகத்தான் இருந்திருக்கும். நான் கொண்டுவந்த விறகில் பிளைவுட் துண்டுகள் கலந்திருந்ததைப் பார்த்ததும், "பசை எரிந்தால் சாப்பாட்டில் நாற்றம் ஏறும், மூச்சுக்கும் கெடுதல்" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டீர்கள். கேட் பக்கத்திலிருந்து காற்று அடிப்பதைக் கவனித்து அந்தப் பக்கம் செங்கல் அடுக்கி, ஒரு கை நுழையும் இடைவெளி மட்டும் விட்டீர்கள். முதலில் தேங்காய் நார், மேலே சுள்ளி, அது பிடித்த பிறகுதான் கட்டை. பானை சூடேறும்வரை சின்னத் தீதான் வேண்டுமென்று காகா சொன்னதை நான் சொன்னேன். நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டையை இழுத்தும் தள்ளியும் அதை அப்படியே காத்தீர்கள். உங்கள் ஜவுன்பூரில் அன்றைக்குக் கருப்பு உளுந்துக் கிச்சடி. அது கொதிக்கும் அடுப்பைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்ட கை அது என்று பார்த்ததும் தெரிந்தது. மண்ணும் தண்ணீரும் வாளியில் வைத்தால் சரி என்று அனுமதி கொடுத்த சொசைட்டி செயலாளருக்கும் நன்றி. அவரே பைப்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

பால் மேலே வந்த அந்த நிமிஷம். முதலில் பானையின் ஓரத்தில் மட்டும் நுரை கட்டியது. பிறகு நடுவிலும் ஏறி, மஞ்சள் குலை கட்டிய கழுத்தைத் தாண்டி, கிழக்குப் பக்கமாக வழிந்து, கட்டியின் மேல் ஓடித் தீயில் சுரீரென்றது. நானும் மாட்டுங்காவிலிருந்து வந்த அக்காக்களும் குலவை போட்டோம். "பொங்கலோ பொங்கல்" என்று பென்னும் ஆஜியும் கத்தினார்கள். அம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். "பால் பொங்குச்சா?" என்று கேட்டாள், கண்ணெதிரே பார்த்துக்கொண்டே. கேட்பதுதான் முறை. "பொங்குச்சு அம்மா" என்றேன். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அரிசி நன்றாக மசிகிறவரை வெல்லத்தைச் சேர்க்காதே, வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் போனை வைத்தாள். அம்மா, உனக்குத் தனியாக நன்றி சொன்னால் திட்டுவாய். இருந்தாலும் சொல்கிறேன்.

மறுநாள் காலை பழையசோறும் சுண்டக்கறியும். மிஞ்சிய குழம்பு, அவியல், பொரியல் எல்லாம் ஒரே சட்டியில் சின்னத் தீயில் சுண்டினால் வரும் அந்தக் கெட்டி ருசிக்கு முன்னால் முந்தின நாள் விருந்தே கொஞ்சம் கீழேதான் என்பது என் தீர்மானமான கருத்து. மூன்றாம் மாடிப் பையன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனான். மத்தியானம் மீன் குழம்பு. செம்பூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் மாவ்ஷி, வஞ்சிர மீனான சுர்மையின் தலையை யாருக்கும் தராமல் எனக்கென்று ஐஸில் வைத்திருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் சீலா என்போம், தலை போட்டால்தான் குழம்புக்கு எண்ணெய் மிதக்கும். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டித்தான் பொட்டலம் கட்டுவீர்கள், நான் கேட்காமலேயே. அந்த நேர்மைக்காகத்தான் உங்களைத் தாண்டி நான் போவதில்லை.

சரி, கணக்கு பாக்கி இருக்கிறது. ஆஜியின் பித்தளைத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன். பென்னின் இரண்டு தூக்கும் மூடியோடு இருக்கின்றன. யாருடையது என்று தெரியாத ஒரு நீளக் கரண்டி என் சமையலறையில் கிடக்கிறது, கைப்பிடியில் பச்சை நூல் சுற்றியது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் சாக்கை அலசிக் காயவைத்துவிட்டேன். சிறுகிழங்கு இன்னும் கொஞ்ச நாள் வருமென்றார், அடுத்த வாரம் இன்னொரு தடவை வாங்கப் போகிறேன். தேய்க்க வருகிறவர்கள் சனிக்கிழமை ராத்திரி வாருங்கள்.

அன்புடன்,
தரைத்தளத்து வீட்டுக்காரி
செம்பூர், மும்பை