பிக் பாஸ் நேரத்தில் லைன் அறுந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோவை மாவட்டம். உங்கள் கோவைப் பதிப்பு காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கும். டீக்கடையில் நாலு பேர் படித்து மடங்கிப்போன பிறகுதான் என் கைக்கு வரும். பிக் பாஸுக்கு டிஆர்பி, அதாவது டிவியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, இறங்கிக்கொண்டே போகிறது என்று நீங்கள் போட்ட செய்தியையும், அதை ஒட்டி வந்த வாசகர் கடிதங்களையும் அப்படித்தான் படித்தேன். தொகுத்து வழங்கிய கமல் போனதுதான் காரணம் என்று ஒருவர் எழுதியிருந்தார். முகம் தெரியாத ஆட்களைக் கூட்டி வந்து உள்ளே விடுகிறார்கள், அதனால்தான் என்று இன்னொருவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

நான் கேபிள்காரன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கம் லைன் வைத்திருக்கிறேன். டிஆர்பி மீட்டரைக் கண்ணால் பார்த்தது கிடையாது. என் மீட்டர் என் செல்போன்தான். எந்த நேரத்தில் லைன் அறுந்தால் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள், எந்தக் குரலில் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு மவுசு என்று சொல்லிவிடுவேன். சீரியல் நேரத்தில் அறுந்தால் கெஞ்சல். கிரிக்கெட் நேரத்தில் அறுந்தால் கெட்ட வார்த்தை. 2017இல் பிக் பாஸ் நேரத்தில் அறுந்தபோது இரண்டும் சேர்ந்து வந்தது.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற கிராமப் பகுதிகளில் பெட்டி இல்லாமலே வந்த பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்த அரசு வைத்த கெடு 2017 மார்ச் 31. வீடு வீடாகப் போய் செட்டாப் பாக்ஸ் மாட்டினோம். "நல்லா வந்துட்டு இருந்த டிவிக்கு எதுக்குங் இந்தப் பொட்டி?" என்று கேட்காத வீடு இல்லை. ஜூன் 25ஆம் தேதி விஜய் டிவியில் பிக் பாஸ் தொடங்கியது. இரண்டு வாரத்தில் பெட்டியைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. வசூலுக்குப் போனால் காசை எடுத்துக்கொடுத்துக்கொண்டே, நேற்று அந்த வீட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று என்னிடம் நியாயம் கேட்பார்கள். நான் பார்க்கவில்லை என்றால் நம்ப மாட்டார்கள். கேபிள்காரனே பார்க்காமல் இருப்பானா!

அந்த முதல் சீசனில் உள்ளே போன நடிகை ஓவியா திருச்சூர்க்காரர். அதனால் மலையாளம் மட்டும் பேசுகிற வீடுகளில்கூட அந்த வருஷம் தமிழ் ஓடியது. என் லைனில் ஒரு டீச்சர் இருக்கிறார், ரிட்டயர் ஆனவர், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. "அது நம்முடெ குட்டியல்லே" (அது நம்ம பொண்ணு இல்லையா) என்று சொல்லி நூறு நாளும் பார்க்கத் தயாராக இருந்தவர். ஆகஸ்டில் ஓவியா தானாகவே வெளியேறிய அடுத்த நாள் காலை எனக்குப் போன் செய்தார். ஏதோ நான்தான் கதவைத் திறந்து அனுப்பிய மாதிரி, இனி அந்தச் சேனலே வேண்டாம் என்றார்.

ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது? உள்ளே போனவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. பாத்திரம் யார் கழுவுவது, பால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கெல்லாம் நிஜமாகவே மனசு கசந்து சண்டை போட்டார்கள். கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த யாருக்கும் அந்தச் சண்டையின் ருசி தெரியும். வெளியே சொல்ல முடியாத நம் வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் வைத்துப் பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இப்போது போகிறவர்கள் முந்தைய சீசன்களைப் பாடம் மாதிரி படித்துவிட்டுப் போகிறார்கள். முதல் வாரமே "நான் நானா இருக்கப் போறேன்" என்கிறார்கள். அவரவராக இருக்கிறவர் அதை எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும்? எங்கே அழ வேண்டும், யாரோடு மோதினால் அன்றைய புரொமோவில் முகம் வரும், வெளியேற்றச் சொல்லி ஒருவரை நாமினேட் செய்த பிறகு எப்படிக் கட்டிப்பிடிக்க வேண்டும் எல்லாம் கைவந்த கலை. "நீ கன்டென்ட் கொடுக்கல" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்குள்ளே இருக்கிறவர்களே இது வியாபாரம் என்று சொன்ன பிறகு பார்க்கிறவன் எதை நம்பி உட்காருவான்?

எல்லையில் இருக்கிற எங்களுக்குத் திகட்டல் இரட்டிப்பு. 2018 ஜூன் 17ஆம் தேதி தமிழில் இரண்டாவது சீசன் வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து 24ஆம் தேதி ஏஷியாநெட்டில் மோகன்லாலை வைத்து மலையாள பிக் பாஸ் முதல் சீசன். மாமியார் தமிழ், மருமகள் மலையாளம் என்று பாதி வீடுகள் எங்கள் பக்கம். ரிமோட்டுக்கு நடந்த சண்டையில் எனக்கு நல்ல வரும்படி, நிறையப் பேர் உள்ரூமுக்கு இரண்டாவது பாக்ஸ் வாங்கினார்கள். பிறகு பல வருஷம் மலையாளம் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி மழைக்காலத்தில் முடியும், தமிழ் அக்டோபரில் தொடங்கிப் பொங்கலுக்கு முடியும். வருஷத்தில் ஏழெட்டு மாதம் ஏதோ ஒரு மொழியில் பிக் பாஸின் அந்த ஒற்றைக் கண் சுவரில் இருந்து முறைத்துக்கொண்டே இருந்தது. மலையாளத்தில் பார்த்த ஹோட்டல் டாஸ்க், ஸ்கூல் டாஸ்க், சிலை மாதிரி நிற்கச் சொல்லிக் குடும்பத்தை உள்ளே விடுகிற ஃப்ரீஸ் டாஸ்க் எல்லாம் நாலு மாதம் கழித்துத் தமிழில் வரும். அம்மா வருவார், மகன் அசையாமல் கண்ணீர் விடுவார். முதல் தடவை என் வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நானும்தான். ஐந்தாவது அம்மா வரும்போது என் மனைவி எழுந்து போய் உளுந்து ஊறப் போட்டுவிட்டு வந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி காற்றில் தென்னமட்டை விழுந்து ஒரு பிராஞ்ச் லைன் அறுந்தது. அறுபது வீட்டுக்கு மேல் அந்த லைனில். கமல் ஏழு சீசன் முடித்துப் போய், விஜய் சேதுபதி வந்த எட்டாவது சீசன் அது. வார இறுதி, வெளியே போவது யார் என்ற பேச்சு வருகிற நேரம். 2017ஆக இருந்தால் நான் பைக்கை ஸ்டார்ட் செய்வதற்குள் போன் சூடேறியிருக்கும். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு கால். ஓர் அமுச்சி, பாட்டி. அதுவும் பிக் பாஸுக்கு இல்லை. "ஏனுங் தம்பி, காலைல பூஜை போடுவாங்கல்ல, அதுக்குள்ள வந்துருமுங்களா?"

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போஸ்ட்டில் ஏறிக் கனெக்டரை மாற்றும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் நேர் கீழே தெரிந்தது. 2017இல் அந்த வீட்டுக்காரர்தான் அரை மணி நேரத்தில் ஆறு தடவை கூப்பிட்டவர். டிவி கறுப்பாக இருக்கிறது, யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஒரு போன், மருமகள் ஒரு போன், பேரன் காதில் மாட்டிக்கொண்டு ஒரு போன். இறங்கி, "லைன் வந்துடுச்சு, பாருங்க" என்று சொல்லப் போனேன். பையன் போனில் அதே பிக் பாஸ் வீடுதான் ஓடிக்கொண்டிருந்தது. "டிவில போட்டுப் பாக்கலையா கண்ணு?" என்றேன். "யார் எவிக்‌ஷன்னு மத்தியானமே தெரிஞ்சுடுச்சு அண்ணா" என்றான். தலையைத் தூக்கவே இல்லை.

எனக்கு அங்கேதான் விளங்கியது. காலையில் ஒரு புரொமோ, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சண்டையின் சாரத்தைப் பிழிந்து போனில் கொடுத்துவிடுகிறார்கள். வார இறுதி ஷூட்டிங் முன்கூட்டியே முடிந்துவிடுவதால், பெட்டியைக் கட்டுபவர் யார் என்பது ஒளிபரப்புக்கு முன்பே யூடியூப்பில் வந்துவிடுகிறது. 2022 ஜனவரியில் பிக் பாஸ் அல்டிமேட் என்று ஹாட்ஸ்டாரில் 24 மணி நேரமும் ஓட்டினார்கள், அதற்குப் பிறகு டிவி சீசனுக்கும் அந்த நேரலை வந்துவிட்டது. பகல் முழுக்க அடுப்படியில் நின்று கிள்ளித் தின்றவனுக்கு ராத்திரி பந்தியில் என்ன பசி இருக்கும்? முன்பு ராத்திரி அந்த ஒரு மணி நேரத்துக்காக ஊரே காத்திருந்தது. அந்தக் காத்திருப்பைத்தான் அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது அதை அவர்களே காலையிலிருந்து இலவசமாகக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

நடுவில் ஒரு வாரம் மட்டும் பழைய காலம் எட்டிப் பார்த்தது. 2023 நவம்பரில் ஒரு போட்டியாளருக்கு ரெட் கார்டு கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அது நியாயமா இல்லையா என்று டீக்கடையில் இரண்டு கட்சி. அந்த வாரம் என் போன் அடித்தது. எதிர்பாராதது நடந்தால் ஜனங்கள் இன்னும் டிவி முன்னால் வந்து உட்காரத்தான் செய்கிறார்கள்.

தொகுப்பாளர் கதையையும் முடித்துவிடுகிறேன். தெலுங்கில் 2017இல் ஜூனியர் என்டிஆர், 2018இல் நானி, 2019இலிருந்து நாகார்ஜுனா. மூன்று வருஷத்தில் மூன்று பேர், நிகழ்ச்சி மூழ்கிவிடவில்லை. எதிர்ப்பக்கம் பிரிட்டனைப் பாருங்கள். இந்த விளையாட்டு நெதர்லாந்தில் 1999இல் பிறந்து, அடுத்த வருஷமே அங்கே போனது. முதல் சீசனின் கடைசி நாளைக் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். பதினோரு சீசனும் அதே டேவினா மெக்கால்தான் நடத்தினார். ஆளை மாற்றவில்லை, ஆனாலும் கூட்டம் கரைந்து, 2010இல் சேனல் 4 அதைக் கைகழுவியது. அங்கே நர்ஸாக இருக்கிற என் வாடிக்கையாளர் மகள் ஓணத்துக்கு வந்தபோது இதைச் சொன்னாள். பிறகு நானும் தேடிப் படித்தேன். ஆகவே விஜய் சேதுபதி தலையில் பாரத்தை ஏற்றாதீர்கள். வெளியே பாதி பேர் எழுந்து போன பிறகு மேடைக்கு வந்தவர் அவர்.

இன்னொன்று, இது உங்கள் செய்தியைப் பற்றியது. டிவி பார்ப்பதை அளக்கிற பார்க் (BARC) என்ற அமைப்பு வியாழக்கிழமை தோறும் வெளியிடுகிற அந்த டிஆர்பி எண், வீட்டு டிவியில் பார்ப்பதை மட்டும்தான் அளக்கிறது. சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் இருக்கும், மாதிரி வீடுகளில் வைத்த மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும், டிவி முன்னால் உட்காருகிறவர் தன் பட்டனை அழுத்த வேண்டும். 2025 கணக்குப்படி நாட்டில் சுமார் 23 கோடி டிவி வீடு என்றால் மீட்டர் இருந்தது சுமார் 58,000 வீட்டில். அந்தப் பையன் போனில் பார்த்தது அந்தக் கணக்கில் வராது. ஜனங்கள் பிக் பாஸை விட்டார்களா, டிவிப் பெட்டியை விட்டார்களா என்பது இரண்டு கேள்வி. உங்கள் செய்தியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அப்புறம், அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு சந்தை, கேரளம் தனிச் சந்தை. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் நாங்கள் எத்தனை வீடு தமிழ் பார்த்தாலும் சென்னைக் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது. ஓட்டு உண்டு, டிஆர்பி இல்லை!

விலையும் ஒரு காரணம்தான், ஆனால் அது சின்னது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டணம் வந்தபோது, நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153, கட்டணச் சேனலுக்குத் தனிக் காசு என்றானது. எங்கள் பக்கம் மலையாள பேக்தான் முதலில் வரும், தமிழ் வேண்டுமென்றால் மேலே போட வேண்டும். சில வீட்டில் அன்றே தமிழ் போனது. கொரோனாவுக்குப் பிறகு பையன்களின் ஆன்லைன் வகுப்புக்கென்று நானே வீடு வீடாக ஃபைபர் இழுத்தேன். என் கேபிளை அறுத்தது தென்னமட்டை இல்லை, நான் இழுத்த அந்த வயர்தான். வருமானம் அதில்தான் வருகிறது என்பதால் அதிகம் புலம்ப முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டிஆர்பி செய்தி போடும்போது எந்தச் சந்தையின் எண், எந்த வாரத்தின் எண், டிவி மட்டுமா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். என் லைனில் இன்னும் எட்டு வீடு பிக் பாஸ் தவறாமல் பார்க்கிறது, மாதம் பிறந்தால் முதலில் காசு கொடுப்பதும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு கேபிள் ஆபரேட்டர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.