சனிக்கிழமை மாலை: மேசூன் சாயித்

வணக்கம். இந்த மாதம் பிள்ளைகளோடு பார்க்கப்போவது நகைச்சுவைக் கலைஞர் மேசூன் சாயித்தின் 2013 டெட் (TED) மேடைப் பேச்சு. பாலஸ்தீன அமெரிக்கர், நம் நியூஜெர்சிக்காரர், பெருமூளை வாதத்தால் உடம்பு உதறிக்கொண்டே இருக்கும். பாலஸ்தீனர், முஸ்லிம், பெண், மாற்றுத்திறனாளி என்று ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, போதாக்குறைக்கு நியூஜெர்சியில் வேறு குடியிருக்கிறேன் என்பார். 2003இல் நியூயார்க் அரபு-அமெரிக்க நகைச்சுவை விழாவை இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான டீன் ஒபைதல்லாவுடன் தொடங்கியவரும் இவர்தான்.

1. வரும் சனி, 14ஆம் தேதி, மாலை 6 மணி, நூலகக் கூடம்.
2. பேச்சு கால் மணி நேரம்தான். அப்புறம் பிள்ளைகள் பேசட்டும், பள்ளியில் யார் தங்களை என்னவென்று நினைக்கிறார்கள் என்று. பெரியவர்கள் குறுக்கே புகாதீர்கள்.
3. அவர் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டர் குடித்திருந்த கதை வரும். 10 வயதுக்குக் கீழே வேண்டாம்.
4. எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் நாற்காலிக் கணக்கு தெரியாது.